மாப்பிள்ளை இன்னும் சுற்றுகிறான்

இன்று காலை பஸ்ஸில் உன் வாசனை அடித்தது.

வேறொன்றுமில்லை, தைலம்தான். பூங்காவில் வைத்திருந்த புட்டி நேற்றோடு காலி. டத்தோ கிராமாட்டில் நீ வாங்கும் அதே கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் பையில் போட்டிருந்தேன். கெலுகோரில் பஸ் ஏறும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்க, அதைத் திறந்துவிட்டேன். வழக்கமாகப் பூங்காவில் வேலையைத் தொடங்கும்போது சட்டைக் கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வதோடு சரி. அது எதற்கென்று உனக்குத் தெரியும். இன்று உன்னைப் போல நெற்றி, காதுக்குப் பின்னால், கழுத்து என்று தாராளமாக அப்பிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்து அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்பக்கம் போய்விட்டார். உன்னோடு போகும்போதெல்லாம் பஸ்ஸில் நமக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது ஏனென்று ஞாபகம் வந்து, தலைவலியோடு சிரித்தேன்.

பூங்காவுக்குப் போனபோது மாப்பிள்ளை தன் கூண்டு மூலையில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் கிடங்குச் சுவரைத் தாண்டுவதற்குள்ளேயே நின்றுவிட்டான். கம்பிவலையோரம் வந்து உட்கார்ந்து, மூக்கை நீட்டி என் நெற்றியை மோந்தான். பிறகு என்னை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் இருக்கும் பாதையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "அவ வரலடா," என்று சொன்னேன். சொன்ன பிறகு நானும் திரும்பி அந்தப் பாதையைப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்த தீனிச் சட்டியைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

அதனால்தான் இந்த மடல். நீ போன பிறகு ஒரு நோன்பு மாதமும் வந்து போய்விட்டது. வாய் ஓயாமல் உன்னிடம் பேசிப் பழகியவள் இத்தனை நாள் பொறுத்திருந்ததே பெரிது.

ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நான் இந்த மலையடிவாரத்துப் பூங்காவில் குரங்குகளைப் பார்த்துக்கொள்ள வந்தேன். நீ ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாய். "உனக்குக் குரங்கு, எனக்கு சூப்பர்வைசர். ரெண்டும் ஒண்ணுதான் லா," என்பாய். பலகை மாதிரி ஒன்று பெல்ட்டில் வரும். அதில் ஊசி போன்ற கம்பிகளை எடுத்துக் குத்தி அமுக்கவேண்டும். அது நகர்ந்ததும் அடுத்தது வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை உனக்கு அதுதான். உன் வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேலை இல்லாதபோதும் அதையே செய்துகொண்டிருக்கும். எடுக்கும், குத்தும், அமுக்கும். டிவி பார்க்கும்போது, டாக்டருக்குக் காத்திருக்கும்போது, என்னோடு சண்டை போடும்போதுகூட. தூக்கத்தில் தன் காதைப் பிடித்து அமுக்கினாய் என்று உன் வீட்டுக்காரர் என்னிடம் புகார் சொன்னார். நீ வெட்கப்பட்டு அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டாய்.

ஓய்வு பெற்ற மறுவாரமே உன் போன். "வீட்டுல உக்காந்தா பைத்தியம் புடிக்கும்டி. உன் குரங்கையாச்சும் வந்து பாக்குறேன்." உன் வீட்டுக்காரரின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். வருவதற்கு முன்பே தைல வாசனை வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன்னைக் கூண்டுப் பக்கம் அழைத்துப் போனேன்.

மாப்பிள்ளைக்கு அப்போது வேறு பெயர். பலகையில் எழுதியிருந்த அந்தப் பெயரை நீ ஒருநாளும் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல், உம்மென்று உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததுமே, "நிக்காஹ்ல பிரியாணி பத்தலன்னு கோவிச்சுக்கிட்ட மாப்புள்ள மாதிரியில்ல இருக்கான்," என்றாய். அன்றிலிருந்து பூங்காவில் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். மலாய்க்காரப் பிள்ளைகள்கூட "மாப்ளே" என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அவன் பெரூக் ஜாதி. தேங்காய் பறிக்க இங்கே பழக்குவார்களே, அந்தக் குட்டைவால் குரங்கு. பெருநிலத்தில் யாரிடமோ கழுத்தில் கயிற்றோடு மரம் ஏறிக்கொண்டிருந்தவன். சொந்தக்காரர் முடியாமல் போனதும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். உம்மென்று உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரம்தான். திடீரென்று எழுந்து இடது மூலைக்குப் போவான். ஒரு சுற்று, தலையை அண்ணாந்து ஒரு வெட்டு, இடக்கையால் கம்பியில் ஒரு தட்டு, மறுபடி சுற்று. அதே இடத்தில் அதே வெட்டு, அதே தட்டு. அவன் கால் பட்டுப் பட்டு அந்த மூலையில் சிமெண்டு வழவழவென்று ஆகியிருந்தது. சுற்றாத நேரத்தில் முன்னங்கையில் இருக்கும் மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான்.

அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். அவன் சுற்றச் சுற்றக் கைதட்டினார்கள். டான்ஸ் ஆடுகிறானாம். நீயும் சிரித்துக்கொண்டே கைதட்டினாய். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"ஆட்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது நோவு. மனசு தாங்காம உடம்பு சுத்துது," என்றேன்.

நீ தட்டுவதை நிறுத்தினாய். அவன் ஓயும்வரை பார்த்தாய். பிறகு உன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாய். அது பாட்டுக்கு எடுத்துக் குத்தி அமுக்கிக்கொண்டிருந்தது.

"எங்க லைன்லேருந்து ஒருத்தன் இங்க வந்துட்டான்டி," என்றாய்.

அதன் பிறகு நீ வாரத்தில் பாதி நாள் இங்கேதான். வேலை முடித்த கையோடு எனக்கு வேலை வைக்க வந்துவிட்டாள் என்று நான் முணுமுணுத்தேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கும் தெரியும். சின்ன வயதில் பிரித்து உட்காரவைத்தும் பேச்சை நிறுத்தாதவர்களுக்கு மறுபடி ஒரே பெஞ்சு கிடைத்திருந்தது.

தலைவலி வேறு வழியில் வந்தது. யாரோ ஒருவர் மாப்பிள்ளை சுற்றுவதைப் படம் பிடித்து, பாட்டுப் போட்டு, போனில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். முதல் நாள் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து, பாவம், கொடுமை, பூங்காவை மூடு என்று வசவு. முதலாளி பயந்துபோனார். அவர் கெட்டவர் இல்லை. கூட்டம் குறைந்தால் யானைக்கு யார் கரும்பு போடுவது என்று கவலைப்படுகிற சீனத்து மனுஷர். என்னைக் கூப்பிட்டு, பள்ளி விடுமுறை முடிந்ததும் அவனைப் பின்பக்கம் மாற்றிவிடு என்றார்.

பின்பக்கம் என்றால் கிடங்குக்கு அந்தப் புறம் இருக்கும் தனிக் கூண்டு. நோய் வந்த மிருகத்தை ஒதுக்கி வைக்கும் இடம். வெளிச்சம் கிடையாது, ஒரு மரக்கிளை கிடையாது, எதிரில் சுவர். யாரும் பார்க்கமாட்டார்கள், அதுதான் அவருக்கு வேண்டும். அங்கே போனால் அவன் சுற்றிச் சுற்றியே முடிந்துபோவான் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னபோது நீ சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டாய்.

"அதுக்குள்ள சரி பண்ணிடுவோம்," என்றாய், ஏதோ ரேடியோ ரிப்பேர் மாதிரி.

நாம் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நம் பிழைப்பே வேலை. நம் அம்மா அப்பாக்களும் அப்படித்தான். காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போ, சரியாகிவிடும்; கவலை வந்தால் வேலைக்குப் போ, மறந்துவிடும். சும்மா இருந்தால்தான் ஆள் கெட்டுப்போவான் என்று நம் இருவருக்கும் சந்தேகமே இல்லை. "வேல பாத்தவன்டி அவன். வேலையப் புடுங்கிட்டாங்க, அதான் சுத்துறான். கைக்கு வேலையக் குடுத்தா நின்னுடும்," என்று நீ சொல்ல, "இது எனக்கு ஏன் தோணல?" என்று நான் வியந்தேன். வாரம் ஒருமுறை வருகிற மிருக டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நமக்கு ஏது பொறுமை.

உன் வீட்டுக்காரர் ஓட்டும் கெரெத்தாவில் ஒரு குலைத் தேங்காயைக் காம்போடு ஏற்றிக்கொண்டு வந்தாய். அவன் பறிக்கத் தோதாகக் கூண்டின் மேல்கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். வெளியே வந்து, பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம்.

மாப்பிள்ளை தேங்காயைப் பார்த்தான். தொடவில்லை. நம் கைகளைப் பார்த்தான். என் கை, உன் கை, மறுபடி என் கை. நம்மில் யார் கயிறு வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடினான். பிறகு தன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். அப்புறம் ஒரு சுற்று ஆரம்பித்தது பார், நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. நடுவில் நின்று தன் முன்னங்கையைத் தானே கடித்தான். நான் உள்ளே போய்க் குலையை அறுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். சத்தம் கேட்டு வந்த முதலாளி ரத்தத்தைப் பார்த்தார். "விடுமுறை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரமே மாற்று," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ பெஞ்சில் உட்கார்ந்து அழுதாய். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் யாராவது ஒருவர் திட்டவேண்டும் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாய்: "நமக்கு என்ன நல்லதோ அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டோம்டி. அவனுக்கு என்னன்னு கேக்கவே இல்ல."

மறுநாள் டாக்டரம்மா காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, நாம் சொன்னதையெல்லாம் கேட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. அவன் ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும், தேடித் தின்னத் தீனி வேண்டும், ஆள் திடீரென்று வந்து நிற்கக்கூடாது, கூடிய சீக்கிரம் ஒரு துணை வேண்டும் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். "பழைய சுற்று முழுசாகப் போகாது. குறையும். குறைந்தால் போதும் என்று இருங்கள்," என்றார். முதலாளியிடமும் அவரே போய்ப் பேசி, விடுமுறை முடியும்வரை தவணை வாங்கிக் கொடுத்தார்.

உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடையிலிருந்து அரிசிச் சாக்கெல்லாம் வந்தது. பிரித்து, தைத்து, கூண்டின் ஒரு பக்கம் முழுக்கத் திரை கட்டினோம். கடலையை வைக்கோலுக்குள் தூவினோம், மூங்கில் குழாயில் அடைத்தோம். "நோன்பு தொறக்கறப்பகூட நான் இவ்வளவு வகை பண்ணதில்ல," என்று அலுத்துக்கொண்டே செய்தாய். முதல் நாள் அவன் திரைக்குப் பின்னால் போய் நாளெல்லாம் வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் வைக்கோலைக் கிளறினான். கடலை ஒன்று கிடைத்ததும் அதை உடனே தின்னாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தானே, அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ஆனாலும் சுற்று நிற்கவில்லை. கிடங்குச் சுவரைத் திரும்பி யார் வந்தாலும், தீனி கொண்டு வந்தாலும் கூட, திடுக்கிட்டு எழுந்து மூலைக்குப் போய்விடுவான். நீ வரும்போது மட்டும் போகமாட்டான். உனக்கு அதில் எவ்வளவு பெருமை. "என்னைய அவனுக்குப் புடிச்சிருக்கு. நீ கத்துற வாய், உன்ன எப்படிப் புடிக்கும்?" என்று என்னைச் சீண்டினாய். எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். பொறாமையில்தான் உற்றுக் கவனித்தேன். நீ சுவரைத் திரும்புவதற்கு முன்பே அவன் மூக்கைத் தூக்கிவிடுவான். கீழிருந்து காற்று மேலே வீசுகிற இடம் அது. நீ வருவது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

"உன்னைய ஒண்ணும் புடிக்கல. உன் தைலத்தப் புடிச்சிருக்கு," என்றேன்.

நீ நம்பவில்லை. புட்டியைப் பிடுங்கி என் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பாதையைச் சுற்றிவந்தேன். மாப்பிள்ளை மூக்கைத் தூக்கினான். நான் வலையோரம் நின்றேன். அவன் எழுந்திருக்கவில்லை, கடலையை உரித்துக்கொண்டே இருந்தான். அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை. சாயந்திரம் போகும்போது புட்டியை மட்டும் என் கையில் வைத்துவிட்டுப் போனாய்.

அந்தப் பக்கம் போகிற எல்லாரும் சட்டைக் கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளவேண்டும் என்று ஏற்பாடு. பார்க்க வருகிறவர்களைத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம். "இது மிருகப் பூங்காவா, பிள்ளை பெற்ற வீடா?" என்று முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் விடுமுறையின் கடைசி நாள் அவரும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு வந்து, சாக்குத் திரையின் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை ஒருமுறை மூலைக்குப் போனான். நீ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். ஒரு சுற்று, ஒரு வெட்டு, ஒரு தட்டு. அடுத்த சுற்றுக்குத் திரும்பியவன் மூங்கில் குழாய் கண்ணில் பட்டதும் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இங்கேயே இருக்கட்டும்," என்றார். நீ அவருக்கு உன் பொட்டலத்திலிருந்து ஒரு கோழித்துண்டு கொடுத்தாய். என் கையில் உன் நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

பிறகு கிழவிக் குரங்கு ஒன்றைத் துணைக்கு விட்டோம். அவள் வந்த சில நாளிலேயே அவன் முன்னங்கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்க்கத் தொடங்கினாள். பிடுங்கிப் பிடுங்கிச் சொட்டையான இடத்தில் மயிர் முளைத்தது. "மாப்புள்ளைக்குக் கலியாணம் ஆயிடுச்சு, இனிமே கோவம் போயிடும்," என்று நீ நெய்ச்சோறு செய்து கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாய். எவ்வளவு நல்ல நாட்கள் அவை. பெஞ்சில் உட்கார்ந்து பால் போடாத தே ஓ குடித்தபடி குரங்குகள் இரண்டும் பேன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் எத்தனை சாயந்திரங்களைக் கழித்தோம்.

உனக்குக் கிட்னி கெட்டுப்போனதும் வருவது நின்றது. நாலு மணிக்கு என் வேலை ஓயும் என்று தெரிந்து, சரியாக அந்த நேரத்துக்குப் போன் போடுவாய். நீ போடாவிட்டால் நான் போடுவேன். உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல் மெலிந்துவிட்டது. ஆனால் முதல் கேள்வி அதேதான்.

"சுத்துறானா?"

பொய் சொல்ல நினைத்தேன். உன்னிடம் எப்போது எடுபட்டது. "சுத்துறான். எப்பவாச்சும். ஒண்ணு ரெண்டு சுத்து," என்றேன். என் குரலில் இருந்த குறை உனக்குக் கேட்டுவிட்டது. போர்வைக்கு வெளியே கிடந்த உன் வலது கை, ஊசி குத்தியிருந்த கை, எடுத்துக் குத்தி அமுக்கிக்கொண்டிருந்தது. அதை நீ மறைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"சுத்திட்டுப் போறான், விடுடி. பட்டதெல்லாம் எங்க போவும்? அப்புறம் வந்து கடல திங்கிறானா? அது போதும்."

உன் மவுத்துக்கு வந்தேன். ஆண்கள் உன்னைக் கொண்டுபோன பிறகு பெண்களோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரோ உன் துணியை மடித்து வைத்தார்கள், வீடெல்லாம் தைலம் மணத்தது. உன் வீட்டுக்காரர் அலமாரியில் இருந்த புட்டிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, "நீ கொண்டுபோ தங்கச்சி. இந்த வாசன வீட்டுல இருந்தா அவ உள்ள வர்ற மாதிரியே இருக்கு," என்று கொடுத்தார். அவையெல்லாம் மாப்பிள்ளைக்கே செலவாயின. நேற்றுக் காலியானது அதில் கடைசி.

இன்று அவன் பாதையைப் பார்த்துவிட்டு, கடலை தின்றுவிட்டு, கிழவியிடம் கையைக் கொடுத்துவிட்டுச் சாய்ந்துகொண்டான். நான் கூண்டைக் கழுவி, வைக்கோல் மாற்றி, பெஞ்சுக்கு வந்தேன். நாலு மணி. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்தது. கட்டை விரல் உன் பெயரைத் தேடி அமுக்கியது. அந்த எண்ணில் இப்போது யாரும் இல்லை என்று ஒரு பெண் குரல் மலாயில் சொன்னது. தினமும் அதே நேரம், அதே பெஞ்சு, அதே விரல். இது என்ன கிறுக்குத்தனம் என்று ஆரம்பத்தில் என்னையே திட்டிக்கொள்வேன். உன் பெயரை அழித்துவிடச் சொல்லி என் மகள்கூடச் சொன்னாள்.

அழிக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டேன். சூடு சரியாக இருந்தது. நன்றாகவே இருக்கிறேன், நீ கவலைப்படாதே.

சுத்திட்டுப் போறேன், விடுடி.